சாகே குடிப்பது எப்படி, எதனோடு சாப்பிடுவது? பெங்களூரு மெனு கார்டில் இருக்கும் ஜப்பானிய அரிசி மது பற்றி முழு விளக்கம்

பெங்களூருவில் ஜப்பானிய கிளையன்ட்டோடு டீம் டின்னர். மெனு கார்டின் கடைசிப் பக்கத்தில் ஜுன்மாய், கின்ஜோ, டாய்கின்ஜோ, நிகோரி என்று வரிசையாகப் பெயர்கள். ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருக்கும் விலை மட்டும் நன்றாகப் புரிகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் "நீங்களே சொல்லுங்க" என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பிடதியில் டொயோட்டா ஆலை, நகரத்துக்குள் ஜப்பானியத் துணைத் தூதரகம், ஆண்டுதோறும் 'ஜப்பான் ஹப்பா' விழா என்று ஜப்பானோடு நெருக்கமான ஊர் பெங்களூரு. ரெசிடென்சி ரோடு பக்கம் ஜப்பானிய உணவகங்கள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. சாகே என்ற பெயர் இங்கே புதிதல்ல. ஆனால் அதை வோட்கா மாதிரி ஒரே மடக்கில் விழுங்குபவர்களும் உண்டு, 'சூடா குடிச்சாத்தான் சாகே' என்று நம்புபவர்களும் உண்டு. ரெண்டுமே சரியில்லை.

மது அருந்தச் சொல்லும் கட்டுரை அல்ல இது. உங்கள் முன்னால் வரும்போது அது என்ன, எதற்குக் காசு கொடுக்கிறீர்கள், எவ்வளவு உள்ளே போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்கான விளக்கம்தான்.

சாகே என்றால் என்ன?

ஜப்பானிய மொழியில் 'சாகே' என்றால் பொதுவாக மது என்றே பொருள். நாம் சாகே என்று சொல்வதை அவர்கள் 'நிஹோன்ஷு', அதாவது ஜப்பானிய மது என்பார்கள். அரிசி, தண்ணீர், ஈஸ்ட், கோஜி ஆகிய நான்கும்தான் இதன் அடிப்படைப் பொருள்கள்.

'ரைஸ் ஒயின்' என்று அழைத்தாலும் இது ஒயின் அல்ல. திராட்சையில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, ஈஸ்ட் நேராக அதைத் தின்று ஆல்கஹால் ஆக்கிவிடும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதைத் தொட முடியாது. முதலில் யாராவது அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க வேண்டும். பீரில் இந்த வேலையை முளைகட்டிய பார்லி செய்கிறது. சாகேயில் செய்வது கோஜி என்ற பூஞ்சை. வேகவைத்த அரிசி மேல் இதைத் தூவி, வெதுவெதுப்பான அறையில் ஏறக்குறைய இரண்டு நாள் வளர்ப்பார்கள். சோயா சாஸ், மிசோ இரண்டுக்கும் ஆதாரம் இதே கோஜிதான்.

சாகேயின் தனித்தன்மை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஒரே தொட்டியில் கோஜி சர்க்கரையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், ஈஸ்ட் அதே நேரத்தில் அதை ஆல்கஹால் ஆக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் காய்ச்சி வடிக்காமலேயே ஆல்கஹால் 20% வரை ஏறுகிறது. பிறகு தண்ணீர் சேர்த்து 15-16%க்குக் கொண்டுவந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். 'ஷோச்சு' என்பது வேறு. அது காய்ச்சி வடித்தது, பெரும்பாலும் 25% இருக்கும். மெனுவில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் குழம்பிவிடாதீர்கள்.

கோஜி கொண்டு சாகே தயாரிக்கும் மரபுத் திறனை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நமக்கு இது அந்நியமா?

இல்லை என்றே சொல்லலாம். சங்க இலக்கியத்தில் நெல்லிலிருந்து எடுத்த கள்ளுக்குத் 'தோப்பி' என்று பெயர். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் அரிசி மது செய்யும் முறையே வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆறவைத்து, 'நல்லடை'யைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டுப் பிழிந்தெடுக்கிறார்கள். நல்லடை என்பது முளையை இடித்துச் செய்தது என்று உரை சொல்கிறது. அதாவது நம்மிடம் முளைகட்டிய தானியம் செய்த வேலையை ஜப்பானில் கோஜி செய்கிறது. வடகிழக்கில் அரிசி மது இன்றும் வீட்டு வழக்கம்தான். அசாமின் திமாசா மக்கள் செய்யும் 'ஜுதிமா'வுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்னொரு நெருக்கம் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களில் முக்கியமானது 'லூக்கோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ்'. 'கிமோட்டோ' என்ற பழைய முறை சாகேயில் தொடக்கப் புளிப்பைக் கொடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. கிமோட்டோ சாகேயை முகர்ந்து பார்த்துவிட்டு 'என்னமோ தெரிஞ்ச வாசனையா இருக்கே' என்று தோன்றினால் ஆச்சரியம் இல்லை.

மெனுவில் இருக்கும் பெயர்களை எப்படிப் படிப்பது?

இரண்டே கேள்விகள் போதும். அரிசியை எவ்வளவு தீட்டினார்கள்? தனியாக ஆல்கஹால் சேர்த்தார்களா?

அரிசியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் அதிகம், நடுவில் மாவுச்சத்து. வெளிப்பகுதியைத் தீட்டத் தீட்டச் சுவை மென்மையாகும், பழ வாசனை எழும்ப வழி கிடைக்கும். லேபிளில் இருக்கும் சதவீதம் தீட்டி எடுத்ததைச் சொல்வது அல்ல, மிச்சம் இருப்பதைச் சொல்வது. 60% என்றால் 40 பங்கு தவிடாகப் போய்விட்டது. 'தஸ்ஸாய் 23' என்ற பிரபல சாகேயின் பெயரில் இருக்கும் 23 இதுதான். அரிசியில் 23% மட்டுமே மிச்சம்.

ஜுன்மாய்: அரிசி, கோஜி, தண்ணீர், ஈஸ்ட் மட்டும். தனியாக ஆல்கஹால் சேர்ப்பதில்லை. அரிசிச் சுவை தூக்கலாக, கொஞ்சம் கனமாக இருக்கும்.

ஹொன்ஜோசோ: மிச்சம் 70% அல்லது அதற்குக் கீழ். வாசனையை வெளிக்கொண்டுவரச் சிறிதளவு ஆல்கஹால் சேர்ப்பார்கள். லேசான, சுத்தமான முடிவு.

கின்ஜோ: மிச்சம் 60% அல்லது அதற்குக் கீழ். வாழைப்பழம், ஆப்பிள், முலாம்பழ வாசனை.

டாய்கின்ஜோ: மிச்சம் 50% அல்லது அதற்குக் கீழ். மிக மென்மை. விலையும் பெரும்பாலும் உச்சம்.

ஜுன்மாய் கின்ஜோ, ஜுன்மாய் டாய்கின்ஜோ என்று சேர்ந்து வந்தால், அந்த அளவுக்குத் தீட்டியது, ஆனால் ஆல்கஹால் சேர்க்காதது என்று அர்த்தம்.

இவை தவிர இன்னும் சில சொற்கள் கண்ணில் படும். நிகோரி என்றால் கொரகொரப்பாக வடித்து, கஞ்சி போல வெள்ளையாக இருப்பது. பெரும்பாலும் இனிப்பாக இருக்கும். நமசாகே சூடுபடுத்திப் பதப்படுத்தாதது, கண்டிப்பாக ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். கென்ஷு தண்ணீர் கலக்காதது, 18-20% வரை போகலாம், ஜாக்கிரதை. கோஷு பல ஆண்டுகள் பழக்கியது, தேன் நிறம்.

விலை அதிகம் என்றால் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். நிறையத் தீட்டினால் அரிசி அதிகம் வேண்டும், உழைப்பும் நேரமும் அதிகம். அதனால் விலை ஏறுகிறது. ஆனால் காரசாரமான சாப்பாட்டோடு டாய்கின்ஜோவை வைத்தால் அதன் வாசனை காணாமல் போய்விடும். நீங்கள் காசு கொடுத்தது எதற்கோ அது கிடைக்காது. அந்த இடத்தில் விலை குறைந்த ஜுன்மாயே மேல்.

சூடாகவா, ஜில்லென்றா?

மலிவான சாகேயின் குறையை மறைக்கத்தான் சூடாக்குகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. ஜப்பானில் வெப்பநிலைக்குத் தகுந்தபடி தனித்தனிப் பெயர்களே இருக்கின்றன. 5 டிகிரியில் குடிப்பது 'யுகிபியே', பனிக்குளிர். 40 டிகிரி 'நுருகான்', வெதுவெதுப்பு. 50 டிகிரி 'அட்சுகான்', நல்ல சூடு.

எளிய விதி இது: பழ வாசனை உள்ள கின்ஜோ, டாய்கின்ஜோவை 10 டிகிரி பக்கம் வையுங்கள். சூடாக்கினால் வாசனை பறந்துவிடும். ஜுன்மாய், ஹொன்ஜோசோ, கிமோட்டோ வகைகள் 40-45 டிகிரியில் மலர்ந்து வரும். நமசாகே, நிகோரி இரண்டும் குளிர்ச்சியாக இருக்கட்டும். சூடாக்க வேண்டுமென்றால் நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, சாகே ஊற்றிய குடுவையை அதற்குள் சில நிமிடம் நிறுத்தினால் போதும். ரசத்தை இறக்குகிற பக்குவம்தான், கொதித்தால் போச்சு.

சுவைப்பது எப்படி?

முதன்முறை என்றால் மூன்று வகை போதும், தலா 30 மில்லி. லேசானதில் தொடங்கிக் கனமானதுக்குப் போங்கள். கின்ஜோ, ஜுன்மாய், நிகோரி என்ற வரிசை நன்றாக வேலை செய்யும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர். ஜப்பானில் சாகேயோடு குடிக்கும் தண்ணீருக்கே 'யவராகி மிசு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் பாருங்கள். சாகே சோதிக்கும் வெள்ளைப் பீங்கான் கோப்பையின் அடியில் இரண்டு நீல வளையங்கள் இருக்கும். தெளிவையும் நிறத்தையும் பார்க்கத்தான் அது. லேசான மஞ்சள் இருந்தால் கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை. ஆனால் நாள்பட வெயிலில் இருந்த பாட்டிலிலும் நிறம் மாறும்.

அடுத்து முகருங்கள். வாழைப்பழ வாசனை தெரிகிறதா, வடித்த சோற்று வாசனையா, காளானா, தயிரா? ஆங்கில ஒயின் புத்தகத்தில் இருக்கும் பழங்களைத் தேட வேண்டாம். நமக்குத் தெரிந்த கஞ்சி, இளநீர், வெண்ணெய் என்றே குறித்துக்கொள்ளலாம்.

பிறகு ஒரு சின்ன மிடறு. நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கிய பின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். இரண்டாவது வாசனை ஒன்று வரும். இனிப்பு, புளிப்பு, லேசான கசப்பு, பிறகு வாயில் தங்கும் 'உமாமி' என்று வரிசையாகக் கவனியுங்கள். நிறைய வகைகளைச் சோதிப்பவர்கள் விழுங்காமல் துப்பிவிடுவார்கள். நீங்களும் துப்பலாம், அதில் வெட்கம் இல்லை.

லேபிளில் +5, -3 என்று எண் இருந்தால், அது இனிப்பின் அளவுக்கு ஒரு துப்பு. பிளஸ் பக்கம் போகப் போக வறட்சி, மைனஸ் பக்கம் இனிப்பு. ஆனால் புளிப்பு அதிகமிருந்தால் இனிப்பு மறைந்துவிடும் என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்த உணவோடு சேரும்?

சாகேயில் அமினோ அமிலங்கள் நிறைய, புளிப்பு ஒயினைவிடக் குறைவு. அதனால் உமாமி உள்ள உணவுகளோடு மோதாமல் சேர்ந்துகொள்ளும். மீன் ஒரு நல்ல உதாரணம். ஒயினோடு மீன் சாப்பிடும்போது சில சமயம் வாயில் கவிச்சை அடிக்கும். ஒயினில் இருக்கும் இரும்புதான் அதற்குக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள். சாகே தயாரிப்பவர்களோ இரும்பு உள்ள தண்ணீரைத் தொடவே மாட்டார்கள்.

சுஷி, சஷிமி, டெம்புரா எல்லாம் எல்லோரும் சொல்வது. நம்ம தட்டில் இருப்பதோடு எப்படி?

வஞ்சிரம் வறுவல், நெத்திலி ஃப்ரை: மசாலா மிதமாக இருந்தால் சாதாரண அறை வெப்பத்தில் ஜுன்மாய். எலுமிச்சை பிழிந்து சாப்பிடுபவர் என்றால் குளிர்ந்த ஹொன்ஜோசோ.

வெண்பொங்கல், பெண்ணெ தோசை: நெய்யும் வெண்ணெயும் இருக்கும் இடத்தில் கொஞ்சம் புளிப்பு வேண்டும். வெதுவெதுப்பான கிமோட்டோ எடுபடும். மிளகும் முந்திரியும் அதோடு ஒத்துப்போகும்.

காளான் மிளகு வறுவல், பனீர் டிக்கா: உமாமியும் புகை வாசனையும் சேர்ந்தவை. 45 டிகிரி ஜுன்மாய்.

தொன்னை பிரியாணி: புதினா, கொத்தமல்லி வாசனை தூக்கல். லேசான ஹொன்ஜோசோ பக்கத்தில் அடக்கமாக நிற்கும்.

செட்டிநாடு கோழி, ஆந்திரா மெஸ் சில்லி சிக்கன்: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நாக்கில் சூட்டை உணரும் அதே ஏற்பிதான் மிளகாயின் காரத்தையும் உணர்கிறது. ஆல்கஹால் அதை இன்னும் எளிதாகத் தூண்டிவிடும். வழக்கமாக 42 டிகிரியில் விழிக்கும் அந்த ஏற்பி ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும் என்று 2002-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே காரத்தோடு சூடான சாகே வேண்டாம், கென்ஷு வேண்டவே வேண்டாம். ஜில்லென்ற, இனிப்பான நிகோரி ஓரளவு தாங்கும். உண்மையைச் சொன்னால் மோர் அதைவிட நன்றாகத் தாங்கும்.

புளிக்குழம்பு, ரசம், எலுமிச்சை ஊறுகாய்: சேராது. புளி வந்தால் சாகே தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜப்பானிய உணவகத்தில் மிசோ சூப், குழம்பு வகைகளின் அடிச்சாறான 'தாஷி'யில் பெரும்பாலும் உலர்ந்த மீன் இருக்கும். ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். கடற்பாசி, ஷிடாக்கே காளானில் செய்த தாஷியும் உண்டு.

அளவு, செலவு, சட்டம்

சின்னக் கோப்பையில் வருவதால் சாகே லேசானது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜப்பானிய அளவில் ஒரு 'கோ' என்பது 180 மில்லி. 15% என்றால் அதில் 27 மில்லி சுத்த ஆல்கஹால். 42.8% விஸ்கி 60 மில்லியில் இருப்பது 26 மில்லிக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒரு குடுவை சாகே ஒரு லார்ஜ் விஸ்கிக்குச் சமம். 650 மில்லி பாட்டில் பீர் 5% என்றால் 32.5 மில்லி. குட்டிக் கோப்பையில் ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொண்டே இருக்கும்போது இந்தக் கணக்கு மறந்துபோகும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் திட்டவட்டமாகச் சொன்னது.

வண்டி ஓட்டுபவர்களுக்கு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேப் புக் செய்வது மலிவு.

வயது: கர்நாடகத்தில் 1965-ம் ஆண்டு கலால் சட்டம் 18 என்கிறது, 1967 உரிம விதிகள் 21 என்கின்றன. விதியையும் 18 ஆக்க 2023 ஜனவரியில் வரைவு வெளியாகி, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. நடைமுறையில் 21 தான். தமிழ்நாட்டிலும் 21.

விலை ஏன் இவ்வளவு? 2021 மத்திய பட்ஜெட் அமைப்பின்படி இந்த வகை இறக்குமதி மதுவுக்கு அடிப்படைச் சுங்க வரி 50%, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 100%. சேர்த்தால் 150%. அதற்கு மேல் மாநிலக் கலால், உணவகத்தின் லாபம். ஜப்பான் போய் வருபவர் ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால் 720 மில்லி பாட்டில் இரண்டு அதற்குள் அடங்கும்.

வார இறுதியில் அத்திப்பள்ளி தாண்டி ஊருக்குப் போகிறவர்களுக்கு: பெங்களூருவில் வாங்கிய பாட்டிலை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 'ஒரு பாட்டில்தானே' என்ற பேச்சு செக்போஸ்ட்டில் எடுபடாது.

டின்னர் மேசையில் எப்படி நடந்துகொள்வது?

உங்கள் கோப்பையில் நீங்களே ஊற்றிக்கொள்ளாமல், பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுவது ஜப்பானிய வழக்கம். மூத்தவருக்கு ஊற்றும்போது குடுவையை இரண்டு கையாலும் பிடியுங்கள். வாங்கும்போதும் கோப்பையை இரண்டு கையால் பிடிக்கலாம். பெரியவர்களிடம் எதையும் இரு கையால் வாங்கிப் பழகிய நமக்கு இது கஷ்டமில்லை. எல்லோருக்கும் ஊற்றி முடித்து 'கன்பாய்' சொன்ன பிறகே முதல் மிடறு. போதும் என்றால் கோப்பையைக் காலி செய்யாதீர்கள். காலிக் கோப்பை என்றால் 'இன்னும் ஊற்று' என்று அர்த்தம் ஆகிவிடும்.

குடிக்காதவர் என்றால்? தயங்காமல் சொல்லுங்கள். குடிக்கச் சொல்லி வற்புறுத்துவதைக் குறிக்க ஜப்பானிலேயே 'அருஹரா' என்று ஒரு சொல் வந்துவிட்டது. அதைத் தொல்லை என்றுதான் பார்க்கிறார்கள். ஊலாங் டீ கோப்பையோடு 'கன்பாய்' சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோஜியும் அரிசியும் சேர்த்துச் செய்யும் 'அமசாகே' என்ற இனிப்பு பானம் ஆல்கஹால் இல்லாமலேயே கோஜியின் சுவையைக் காட்டும். ஆனால் சாகே சக்கையில் செய்த அமசாகேயில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் கவனிக்க

பாட்டிலில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான சாகே பழக்கிவைக்கும் பொருள் அல்ல, ஓர் ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டியது. கடையில் வெளிச்சம் படும் அலமாரியில் தூசி படிந்து நின்றால் வேண்டாம். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் நிறுத்தி வையுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் முடிப்பது நல்லது. சூப்பர் மார்க்கெட்டில் 'குக்கிங் சாகே' என்று விற்பதில் பெரும்பாலும் உப்பு சேர்த்திருப்பார்கள். அது சமையலுக்கு மட்டும், குடிக்க அல்ல.

முதல் தடவை எதைக் கேட்பது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், ஒரு ஜுன்மாய் கேளுங்கள். பாதியைக் குளிர்ச்சியாகவும் மீதியை வெதுவெதுப்பாகவும் தரச் சொல்லுங்கள். ஒரே மது இரண்டு விதமாக இருப்பதை உங்கள் நாக்கே சொல்லிவிடும்.